நெஞ்சில் நீர் எடுப்பதா, விடுவதா?

நம் ஊர்களில் ஒரு பேச்சு உண்டு. "நெஞ்சிலை தண்ணி எடுக்கத் துவங்கினால் பிறகு ஆள் மிஞ்சாது" என்பார்கள். நோயாளியின் கட்டிலருகே அல்ல, விறாந்தையில் நின்று உறவினர்கள் தாழ்ந்த குரலில் சொல்லும் பேச்சு இது. நீங்களும் கேட்டிருப்பீர்கள். இதை நம்பி, ஊசிக்குச் சம்மதியாமல் நோயாளியை வீட்டுக்குக் கொண்டுபோகிறவர்கள் உண்டு. அதற்கு நேர்மாறாக, "ஒண்டையும் விடாமல் எல்லாம் செய்யுங்கோ" என்று வைத்தியரை நெருக்குகிறவர்களும் உண்டு. இரு சாராரையும் அன்பில்லாதவர்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் மூச்சு முட்டிக்கொண்டு கட்டிலில் கிடப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்பதை இரு சாராருமே பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள்.

நெஞ்சில் நீர் எடுப்பது கடமையா? எடுக்காமல் விடுவது பாவமா? இக்கேள்வி நம் குடும்பங்களில் அடிக்கடி எழுகிறது. புற்றுநோய் பெருகிவரும் இக்காலத்தில் இன்னும் அதிகமாக எழும். ஆகவே இதை ஆற அமர இருந்து சிந்திப்பது நல்லது. கட்டிலடியில் நிற்கும் வேளையில் சிந்திக்க அவகாசம் கிடைப்பதில்லை.

முதலில், அங்கே நடப்பது என்ன? நமது சுவாசப்பைகளை மெல்லிய சவ்வு ஒன்று இரண்டு மடிப்பாய் மூடியிருக்கிறது. உள்மடிப்பு சுவாசப்பையோடு ஒட்டியது. வெளிமடிப்பு நெஞ்சுக்கூட்டின் உட்புறத்தோடு ஒட்டியது. இரண்டுக்கும் நடுவே இருப்பதை இடைவெளி என்று சொல்லவும் தகாது. சுகதேகி ஒருவரில் அங்கே இருப்பது சில தேக்கரண்டி நீர் மாத்திரமே. மடிப்புகள் ஒன்றோடொன்று உராயாமல் வழுக்குவதற்கு அது போதும். ஆனால் நோய் வந்தால் அதே இடத்தில் ஒரு லீற்றர், இரண்டு லீற்றர், சிலவேளை அதற்கும் மேலாக நீர் சேர்ந்துவிடும். சுவாசப்பை விரிய இடமில்லாமல் சுருங்குகிறது. அடியிலுள்ள பிரிமென்றகடு நீரின் பாரத்தால் கீழே அமுங்கி, மூச்சுக்கு உதவ முடியாமல் போகிறது. மூக்கிலே ஒட்சிசன் குழாயை வைத்தும் மூச்சு இளகவில்லையே என்று உறவினர் கலங்குவது இதனால்தான். காற்று போதாமை மட்டுமல்ல அங்குள்ள கஷ்டம். பாரமும் ஒரு கஷ்டம்.

நீருக்குப் பதிலாகக் காற்றும் அங்கே புகுந்துவிடலாம். விபத்தில் விலா எலும்பு முறிந்து சுவாசப்பையைக் குத்தினால் அப்படி நேரும். ஒரு காரணமும் தெரியாமல், உயரமான மெலிந்த இளைஞர்களுக்கு, விசேஷமாகப் புகைப்பவர்களுக்கு, திடீரென்று நேர்வதும் உண்டு. சிலவேளை அந்தக் காற்று உள்ளே போகும், வெளியே வராது. ஒவ்வொரு மூச்சுக்கும் அழுத்தம் ஏறி, இருதயத்தையும் மறுபக்கத்துச் சுவாசப்பையையும் நெருக்கும். அப்படியான ஆளுக்கு நிமிடக் கணக்கில்தான் நேரம். வைத்தியர் எக்ஸ்றே படத்துக்குக் காத்திராமல் நெஞ்சில் ஊசியைக் குத்திக் காற்றை வெளியேற்றுவார்.

1995ஆம் ஆண்டு மே மாதம் ஹொங்கொங்கிலிருந்து லண்டனுக்குப் பறந்த விமானம் ஒன்றில் நடந்ததைக் கேளுங்கள். விமான நிலையத்துக்கு வரும் வழியில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்திருந்த ஒரு பெண்ணுக்கு, நடுவானத்தில் மூச்சு அடைக்கத் தொடங்கியது. அதே விமானத்தில் பயணம் செய்த அங்கஸ் வாலஸ் என்ற எலும்பு வைத்தியப் பேராசிரியர், நெஞ்சுக்குள் காற்று அடைபட்டிருப்பதை உணர்ந்தார். இன்னொரு வைத்தியர் அவருக்குத் துணை நின்றார். சட்டை மாட்டும் கம்பியொன்றை நிமிர்த்தி, பிராந்தி ஊற்றிக் கிருமி நீக்கி, சிறுநீர் எடுக்கும் றப்பர்க் குழாயினுள் அதைச் செருகி, நெஞ்சைக் கீறிக் குழாயை உள்ளே விட்டார்கள். வெளிமுனையை ஒரு குடிதண்ணீர்ப் போத்தலில் அமிழ்த்தி வைத்தார்கள். காற்று குமிழி குமிழியாக வெளியேறியது. அந்தப் பெண் பிழைத்தார். வார்ட்டிலே கட்டிலுக்குக் கீழே நீங்கள் கண்டிருக்கக்கூடிய தண்ணீர்ப் போத்தலின் வேலையும் அதுவே: காற்றை வெளியே விடும், திரும்ப உள்ளே விடாது.

இச்சம்பவத்தை வேடிக்கைக்காக நான் எழுதவில்லை. "அசாதாரணமான சிகிச்சை" என்ற சொல்லை நம்மில் பலர் பிழையாக விளங்கி வைத்திருக்கிறோம். இயந்திரம், குழாய், ஊசி என்றால் அசாதாரணம். கஞ்சி, குளிசை என்றால் சாதாரணம் என்று எண்ணுகிறோம். சட்டைக் கம்பியும் பிராந்தியும் கொண்டு வானத்தில் செய்த சத்திரசிகிச்சையைவிட அசாதாரணமான ஒன்றைக் கற்பனை செய்யவும் முடியுமா? ஆயினும் ஒழுக்கவியலின்படி அது முற்றிலும் சாதாரணமான சாதனம். சிறிய துன்பத்தோடு முழு வாழ்வும் மீண்டது. செய்யாமல் விட்டிருந்தால் அதற்கு நியாயம் சொல்ல முடியாது.

ஆக, கடமை கருவியில் தங்கியிருக்கவில்லை. நெஞ்சுக்குள் காற்று புகுவது உயிராபத்து என்று சற்றுமுன் சொன்னேன். ஆனால் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், கார்லோ ஃபொர்லானினி என்ற இத்தாலிய வைத்தியர் கசரோகிகளின் நெஞ்சுக்குள் அதே காற்றை வேண்டுமென்றே ஊசியால் செலுத்தினார். புண்ணான சுவாசப்பை சுருங்கி ஓய்ந்தால் ஆறும் என்பது அவருடைய எண்ணம். கசரோகத்துக்கு நல்ல மருந்துகள் வரும்வரை உலகெங்கும் அம்முறை கையாளப்பட்டது. ஒரே காற்று ஓரிடத்தில் எமன், ஓரிடத்தில் மருந்து.

நீரும் அப்படியே. நெஞ்சில் நீர் என்றவுடன் புற்றுநோய் என்று முடிவுகட்டுவது தவறு. இருதயம் பலவீனமானால் நீர் சேரும். அநேகமாகச் சிறுநீர் போகச் செய்யும் மருந்துகளாலேயே அது வற்றும். கசரோகத்தால் சேரும், சிறிது நீரை எடுத்துப் பரிசோதித்து, ஆறு மாதம் மருந்து ஒழுங்காக எடுத்தால் பெரும்பாலானோர் சுகமடைவர். நிமோனியாவுக்குப் பின் நீர் சீழாக மாறினால், அந்தச் சீழை வெளியேற்றியே ஆகவேண்டும். மருந்து மட்டும் போதாது. இப்படிப்பட்டவர்களைத் "தண்ணி எடுத்தால் ஆள் மிஞ்சாது" என்று சொல்லி வீட்டுக்குக் கொண்டுபோவது பாரதூரமான பிழை. அறியாமையால் செய்தோம் என்று பின்னர் ஆறுதல் கொள்ளலாம். போன உயிர் திரும்பாது.

அந்தப் பேச்சு எப்படிப் பிறந்தது? புற்றுநோய் நெஞ்சுச் சவ்வுக்குப் பரவிய பின் சேரும் நீர், நோய் முற்றியதன் அடையாளம். அத்தகையோரின் எஞ்சிய காலம் அநேகமாக மாதக் கணக்கில்தான். நீரை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அப்படியே. ஊசி போட்ட பின் மரணம் வந்ததைக் கண்ட சனங்கள், ஊசியால் மரணம் வந்தது என்று கணக்குப் போட்டார்கள். நம்மவர் "அவஸ்தை"க்குப் பயந்த பயமும் இதே இனத்தைச் சேர்ந்ததுதான். சுவாமியார் எண்ணெய்ச் சிமிழோடு வீட்டுப் படியேறினால் ஆள் முடிந்தது என்று, கடைசி மூச்சுவரை அவரை அழைக்காமல் வைத்திருந்தோம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் அதை நோயிற்பூசுதல் என்று அழைப்பதே பொருத்தம் என்றது. 1972இல் ஆறாம் சின்னப்பர் பாப்பரசர் அதன் முறையையும் புதுப்பித்தார். நோயாளருக்குப் பலம் தரும் அருட்சாதனம் அது என்று இத்தனை ஆண்டுகளாகப் போதித்தும், அந்தப் பயம் இன்னும் முற்றாகப் போகவில்லை. சுவாமியாரைத் தாமதித்து அழைக்கும் அதே கைகள் ஊசியையும் தாமதிக்கச் செய்கின்றன.

இனி, கடினமான இடத்துக்கு வருவோம். சுகமாகாத புற்றுநோய். நீரை எடுத்தார்கள், மூச்சு இளகியது. இரண்டு மூன்று கிழமையில் திரும்பச் சேர்ந்தது. மறுபடியும் எடுத்தார்கள். மறுபடியும் சேர்ந்தது. இதை எத்தனை தரம் செய்வது?

திருச்சபையின் ஒழுக்கவியலாளர் இக்கேள்வியைப் புதிதாகச் சந்திக்கவில்லை. 17ஆம் நூற்றாண்டில் ஹுவான் தெ லூகோ என்ற ஸ்பானிய யேசுசபைக் குரு, பின்னாளில் கர்தினாலானவர், ஓர் உதாரணம் சொன்னார். நெருப்பிலிட்டுக் கொல்லத் தீர்க்கப்பட்ட ஒருவன். அவனைச் சூழ்ந்து தீ எரிகிறது. அவன் கைக்கெட்டிய தூரத்தில், அந்தத் தீயை அணைக்கப் போதுமான நீர் இருக்கிறது. ஆனால் வேறு விறகு வந்துகொண்டேயிருக்கிறது. தீ திரும்ப மூளும். அந்தக் கொஞ்ச நேரத்துக்காக அவன் நீரை ஊற்றியே ஆகவேண்டும் என்ற கடமை அவனுக்கு இல்லை என்பது லூகோவின் முடிவு. சிறிதளவு நீடிப்புக்காக எதையும் தாங்க வேண்டும் என்று கடவுள் எவரையும் கட்டாயப்படுத்தவில்லை.

பன்னிரண்டாம் பத்திநாதர் பாப்பரசர் 1957 நவம்பரில் வைத்தியர்களுக்குச் சொன்னதும் இவ்வழியில் வந்ததே. ஆளுக்கும் இடத்துக்கும் காலத்துக்கும் ஏற்பச் சாதாரணமான சாதனங்களையே நாம் கையாளக் கடமைப்பட்டிருக்கிறோம். தனக்கோ பிறருக்கோ பெரும் பாரமாகும் சாதனங்களுக்குக் கட்டாயம் இல்லை. 1980 மே மாதம் வெளியான உரோமை ஏடு இதை இன்னும் விளக்கிற்று. சிகிச்சையின் தன்மை, ஆபத்து, செலவு ஆகியவற்றை ஒரு தட்டிலும், எதிர்பார்க்கும் பலனை மறுதட்டிலும் வைத்து நிறுக்க வேண்டும். நோயாளியின் நிலையையும் அவருடைய உடல் பலத்தையும் மனப் பலத்தையும் அந்த நிறுவையில் சேர்க்க வேண்டும். மரணம் நெருங்கிவிட்ட வேளையில், பாரமான நீடிப்பை மட்டுமே தரும் சிகிச்சையை மறுக்கலாம். ஆனால் வழமையான பராமரிப்பை நிறுத்தலாகாது. மறுப்பது வேறு, உயிரைப் போக்குவது வேறு. இதையும் அந்த ஏடு தெளிவாகவே சொல்கிறது.

இவ்வளவும் வாசித்த ஒருவர், "அப்படியானால் சுகமாகாத நோயாளிக்கு நீர் எடுப்பது அவசியமில்லை" என்று சொல்லிப் புத்தகத்தை மூடிவிடலாம். நான் அதற்கு உடன்படமாட்டேன். லூகோவின் மனிதனுக்கு அந்த நீர் நேரத்தை மட்டுமே கொடுத்தது. நெஞ்சில் நீர் எடுப்பதோ நேரத்துக்காக மட்டும் செய்வதல்ல. மூச்சுக்காகச் செய்வது. நாலு தலையணையில் சாய்ந்து, ஒரு வசனத்தை நாலாகப் பிய்த்துப் பேசும் ஒருவர், அரை மணித்தியாலம் முன்பக்கம் சாய்ந்திருந்து, மரத்த தோலூடாக ஒரு ஊசியைத் தாங்கினால், அன்றிரவு படுத்துத் தூங்கக்கூடும். பேரப்பிள்ளையோடு பேசக்கூடும். ஆயுள் ஒரு நாளும் கூடாவிட்டால் என்ன? "இதனால் ஆள் தப்புமா?" என்று கேட்டு, "தப்பாது" என்ற பதிலோடு திரும்பிப் போகிறவர்கள் பிழையான கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். பசித்தவனுக்குச் சோறு போடுமுன் அவன் எத்தனை வருடம் இருப்பான் என்று நாம் விசாரிப்பதில்லையே.

ஆனால் எல்லாருக்கும் மூச்சு இளகுவதுமில்லை. சிலரில் புற்றுநோய் சுவாசப்பையை இறுக்கிப் பிடித்திருக்கும். நீரை எடுத்தாலும் அது விரியாது. அவர்களுக்கு வலிதான் மிச்சம். ஒரே தடவையில் அளவுக்கு மிஞ்சி எடுத்தாலும் தீங்கு வரலாம். ஏறத்தாழ ஒன்றரை லீற்றரோடு வைத்தியர்கள் நிறுத்துவது அதனால்தான்; அசிரத்தையால் அல்ல. நீர் திரும்பத் திரும்பச் சேர்பவருக்கு வேறு வழிகளும் இருக்கின்றன. ஒன்று, சுத்திகரித்த டல்க் தூளை உள்ளே செலுத்திச் சவ்வின் இரு மடிப்புகளையும் ஒட்டவைப்பது. மற்றது, மெல்லிய குழாய் ஒன்றை நெஞ்சிலேயே வைத்து, வீட்டிலிருந்தபடி நாளாந்தமோ இடைக்கிடையோ நீரை வடிப்பது. முன்னதற்குச் சில நாள் ஆஸ்பத்திரியில் கிடக்க வேண்டும். சுவாசப்பை விரியக்கூடியதாகவும் இருக்க வேண்டும். பின்னதற்கு வீட்டிலே துப்புரவான கையுள்ள ஒருவர் வேண்டும். குழாயோடு போத்தல்களின் செலவும் உண்டு. எல்லா இடத்திலும் எல்லாருக்கும் கிடைக்கும் என்றும் சொல்ல முடியாது.

சும்மா விடுவதே சரியான வைத்தியமாகும் சந்தர்ப்பமும் இருக்கிறது. காரணமின்றி நெஞ்சில் காற்றுப் புகுந்த இளம் நோயாளரை ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ஆராய்ந்தார்கள். குழாய் வைக்காமல் அவதானித்துக்கொண்டிருந்தவர்களும், குழாய் வைத்தவர்களைப் போலவே பெரும்பாலும் எட்டு வாரத்தில் சுகமானார்கள் என்று 2020இல் அறிவித்தார்கள். "டொக்டர் ஒண்டும் செய்யேல்லை" என்று குறைசொல்ல அவசரப்படாதீர்கள்.

இத்தனை வழிகளில் எது ஒருவருக்குத் தகும்? வைத்தியர் பலனைச் சொல்லுவார். பாரத்தை யார் சொல்லுவது? ஊசியின் வலி, ஆஸ்பத்திரி வாசம், வீட்டைப் பிரிந்த இரவுகள், மகளின் தோளில் சாய்ந்து வானில் ஏறி இறங்கும் வெட்கம், இவற்றின் நிறை சுமக்கிறவருக்கே தெரியும். அறிவு தெளிவாக உள்ளவரை அவரே தீர்மானிக்க வேண்டும் என்று 1992ஆம் ஆண்டின் கத்தோலிக்க மறைக்கல்வி நூலும் சொல்கிறது.

இங்கேதான் நம் குடும்பங்களின் நடைமுறை இடறுகிறது. அப்பாவுக்குப் புற்றுநோய் என்பது பெரியப்பாவுக்குத் தெரியும், கனடாவிலிருக்கும் தம்பிக்குத் தெரியும், அயலாருக்கும் தெரியும். அப்பாவுக்கு மட்டும் "நெஞ்சிலை சளி" என்று சொல்லிவைத்திருக்கிறோம். சளி என்று நம்புகிறவர் எதை நிறுப்பார்? ஊசிக்கு முதுகைக் கொடுப்பார், திரும்பவும் கொடுப்பார், சளி ஏன் வற்றவில்லை என்று மனதுக்குள் கலங்குவார். பெரும்பாலான முதியவர்கள் உண்மையை ஊகித்தே இருக்கிறார்கள். பிள்ளைகள் நொந்துவிடுவார்கள் என்று அவர்களும் நடிக்கிறார்கள். ஒரு வீட்டுக்குள் எல்லாரும் ஒருவரிடமிருந்து ஒருவர் ஒளிந்துகொண்டிருக்கும் இந்த நாடகத்தை அன்பு என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

"சொன்னால் மனமுடைந்து போவார்" என்பீர்கள். நியாயமான பயம். எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்ட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. "அப்பா, வருத்தத்தைப் பற்றி டொக்டர் சொன்னதை உங்களுக்குச் சொல்லட்டோ?" என்று கேட்டுப் பாருங்கள். சொல்லு என்பார் ஒருவர். "எனக்கு வேண்டாம், மூத்தவனோடை கதையுங்கோ" என்பார் இன்னொருவர். அதுவும் அவருடைய தீர்மானமே; அதை மதித்து மூத்தவர் பொறுப்பேற்கலாம். கேளாமலே பறித்துக்கொள்வதுதான் தகாது.

வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் "காசைப் பாராமல் எல்லாம் செய்யுங்கோ" என்று அழுகிற பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் வேதனை உண்மையானது. வர முடியாத துயரத்தைக் காசாக அனுப்புகிறீர்கள். ஆனால் ஊசி இறங்குவது தகப்பனின் நெஞ்சில். வைத்தியரோடு பேசுமுன் அவரோடு பேசுங்கள். தொலைபேசியை அவருடைய காதில் வைக்கச் சொல்லுங்கள். மறுபக்கத்தில், இரவு பகலாய்ப் பக்கத்திலிருந்து களைத்துப்போன மகளோ மருமகளோ "போதும், விடுவம்" என்று சொன்னால், அவளைக் கல்நெஞ்சக்காரி என்று தீர்ப்பிடாதீர்கள். பிறருக்கு ஏற்படும் பாரத்தையும் கணக்கில் எடுக்கலாம் என்று பாப்பரசரே சொன்னார். ஆனால் அந்தப் பாரத்தை எடுத்துச் சொல்லும் உரிமை நோயாளியுடையது. "நீங்கள் எங்களுக்குப் பாரம்" என்ற எண்ணம் நம் முகத்திலிருந்து அவருக்குப் போகக் கூடாது.

இனி ஊசி வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டால்? அத்தோடு கைகழுவுவதல்ல. மூச்சுமுட்டலைத் தணிக்க வைத்தியர் சிறிதளவு மோர்பீன் தருவார். "அது ஆளை முடிக்கிற மருந்து" என்று பயந்து கொடுக்காமல் வைத்திருக்கும் வீடுகளை அறிவேன். தகுந்த அளவில் கொடுத்தால் அது மரணத்தை வரவழைப்பதில்லை. மூச்சுத் திணறுகிறதே என்ற தவிப்பைக் குறைக்கிறது. வேறு வழியில்லாதபோது, வேதனையைத் தணிக்கும் நோக்கத்தோடு கொடுத்த மருந்தினால் ஆயுள் சிறிது குறைய நேர்ந்தாலும், அதைக் கொடுக்கலாம் என்று 1957 பெப்ரவரியில் அதே பாப்பரசர் போதித்தார். யன்னலைத் திறந்து வைப்பதும், முகத்துக்கு நேரே சிறு மின்விசிறி வைப்பதும், தலைப்பக்கத்தை உயர்த்துவதும் செலவில்லாத உதவிகள். முகத்தில் படும் காற்று மூச்சுமுட்டலை உண்மையாகவே குறைக்கிறது.

வைத்தியரிடம் என்ன கேட்பது என்று தெரியாமல் தடுமாறுகிறவர்களுக்கு ஒரு யோசனை சொல்கிறேன். ஒரு சிறிய கொப்பி வாங்குங்கள். முதற்தரம் எடுத்த நீர் எவ்வளவு, அதன் நிறம் என்ன, எடுத்தபின் மூச்சு இளகியதா, எத்தனை இரவு சாய்ந்து படுத்தார், எத்தனையாம் நாள் திரும்ப முட்டத் தொடங்கியது என்று திகதியிட்டு எழுதுங்கள். அடுத்த தரம் ஊசிக்கு முன் அதை வைத்தியரிடம் காட்டி, நீர் எதனால் சேர்கிறது, சுவாசப்பை விரிகிறதா, எடுக்காமல் விட்டால் எப்படியிருக்கும் என்று கேளுங்கள். அவர் சொல்வதையும் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு கொப்பியை வீட்டுக்குக் கொண்டுபோய், கதவைச் சாத்திவிட்டு, அப்பாவின் கட்டிலருகே ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். "திரும்பவும் தண்ணி சேர்ந்திட்டுதாம். நீங்கள் என்ன சொல்லுறியள், அப்பா?" அவர் உடனே பதில் சொல்லாமலிருக்கலாம். மூச்சு வாங்கிப் பேசுகிறவருக்கு நேரம் பிடிக்கும், காத்திருங்கள்.